‘சினிமா கம்பெனியில வேலைம்மா!’ - கதவைத் திறந்துவிடுபவர்களின் கதை

"சினிமா கம்பெனியில வேலை கிடைச்சிருக்கும்மா..."

போனின் மறுமுனையில் முதலில் ஒரு சின்ன மௌனம். பிறகு, "நடிக்கப்போறியா?" என்ற கேள்வி.

"இல்லம்மா, ஆபீஸ்ல."

"ஆபீஸ்லன்னா... கணக்கு எழுதுறதா?"

"எல்லாந்தாம்மா."

சென்னைக்கு வந்து சினிமா கம்பெனியில் ஆபீஸ் உதவியாளராகச் சேரும் பல இளைஞர்களின் வீட்டில் இந்த உரையாடல் ஏறக்குறைய இப்படித்தான் நடக்கும். அந்த ‘எல்லாந்தான்’ என்பதற்கு என்ன அர்த்தம் என்று அம்மாவுக்கும் தெரியாது. சேர்ந்த முதல் வாரத்தில் மகனுக்கும் தெரியாது.

சாலிகிராமம், வடபழனி, விருகம்பாக்கம், வளசரவாக்கம் பக்கத்துத் தெருக்களில் வாசலில் போர்டுகூட இல்லாத வீடுகள் நிறைய உண்டு. குடியிருக்கக் கட்டிய வீட்டை வாடகைக்கு எடுத்து ஆபீஸ் ஆக்கியிருப்பார்கள். ஹால்தான் வரவேற்பறை. பெரிய பெட்ரூம் டைரக்டருக்கு, சின்ன பெட்ரூம் மேனேஜருக்கு. சமையலறை மட்டும் உதவியாளரின் ராஜ்ஜியம்.

காலையில் பூட்டைத் திறப்பவர் அவர்தான். பெருக்கி, நேற்று ராத்திரி டிஸ்கஷனில் மிச்சமான டீ கப்களை அள்ளி, சாமி படத்துக்குப் பூ வைத்து ஊதுபத்தி கொளுத்த வேண்டும். தண்ணீர் கேன் வந்ததா, பிரின்டரில் தாள் இருக்கிறதா, வைஃபை வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். முந்தின நாள் ஷூட்டிங் நடந்திருந்தால் ஹார்ட் டிஸ்க்கை வாங்கிக்கொண்டு எடிட்டிங் ஸ்டூடியோவுக்கு ஓட வேண்டும். ஃபிலிம் காலத்தில் இதே வேலை டின் டின்னாக இருந்தது. 1,000 அடி ஃபிலிம் ஓடுவது 11 நிமிடம்தான் என்பதால், ஒரு படத்தைச் சுமக்க ஆட்டோவே வேண்டியிருந்தது. இப்போது முழுப்படமும் தோள்பையில் அடங்கிவிடுகிறது. ஆனால் பயம் குறையவில்லை. நூறு பேர் நாள் முழுக்க உழைத்தது அந்தப் பைக்குள் இருக்கிறது. பைக் சிக்னலில் நிற்கும்போதுகூட, பை இருக்கிறதா என்று கை தன்னால் தொட்டுப் பார்க்கும்.

தணிக்கைக்கு விண்ணப்பித்துவிட்டால் நுங்கம்பாக்கம் சாஸ்திரி பவனுக்கு நடை. தலைப்புப் பதிவு, சங்கக் கடிதம், லொக்கேஷன் அனுமதிக்கான டி.டி. என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கவுன்டர், ஒரு வரிசை. எந்த கவுன்டரில் எத்தனை மணிக்குப் போனால் கூட்டம் இருக்காது, எந்த அதிகாரி மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கையெழுத்துப் போட மாட்டார் என்பதெல்லாம் எந்த ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்டிலும் சொல்லித்தராத பாடம்.

டிஸ்கஷன் ரூமும் டீ டிரேவும்

தமிழ் சினிமாவில் கதை ‘எழுதப்படுவதை’விட ‘பேசப்படுவது’தான் அதிகம். டிஸ்கஷன் என்று ஆரம்பித்தால் மாதக்கணக்கில் போகும். ஆறேழு பேர் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அந்தக் கதவைத் தட்டாமல் திறக்கும் உரிமை டீ டிரேயுடன் வரும் ஒருவருக்கு மட்டுமே உண்டு.

யாருக்கு சர்க்கரை இல்லாமல், யாருக்கு ஸ்ட்ராங்காக, யாருக்கு டீயே பிடிக்காது என்பது மூன்றாவது நாளே மனப்பாடமாகிவிடும். கதையும் அப்படித்தான். முதல் டீக்கு ஹீரோ மதுரைக்காரர், நாலாவது டீக்கு அவர் துபாயிலிருந்து திரும்பியவர், சாயங்கால பஜ்ஜிக்கு ஹீரோவே வில்லன். கிளைமாக்ஸ் எத்தனை முறை மாறியது என்று டைரக்டருக்கே மறந்திருக்கலாம். இவருக்கு மறக்காது.

சில டைரக்டர்கள் ஒரு சீனை யோசித்ததும், "தம்பி, ஒரு நிமிஷம் உக்காருப்பா" என்று இவரிடம் சொல்லிப் பார்ப்பதுண்டு. அவர்கள் கவனிப்பது இவர் சொல்லும் பதிலை அல்ல, முகத்தை. சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிப்பு வருகிறதா? அழ வேண்டிய இடத்தில் கண்ணை வேறு பக்கம் திருப்புகிறாரா? டிக்கெட் வாங்கி வரும் ரசிகனுக்கு அந்த வீட்டில் இருக்கும் ஒரே பிரதிநிதி இவர்தானே! அதற்குத் தனியாகச் சம்பளம் கிடையாது என்பது வேறு விஷயம்.

இந்த நம்பிக்கையே ஒரு பாரமும்கூட. கதை தெரியும், ஹீரோயின் யார் என்று தெரியும், ரிலீஸ் தேதி தெரியும். மேசைமேல் இருந்த ஒரு தாளை போனில் படம்பிடித்து ஒரே ஒரு நண்பனுக்கு அனுப்பினால் போதும், மறுநாள் அது ஊர் முழுக்க இருக்கும். விஷயம் எங்கே கசிந்தாலும் முதல் சந்தேகப் பார்வை சமையலறைப் பக்கம்தான் திரும்பும். அதனால் விவரமான உதவியாளர்கள் டிஸ்கஷன் ரூமுக்குள் போகும்போது போனை வெளியிலேயே வைத்துவிடுகிறார்கள். யாரும் சொல்லிச் செய்வதல்ல, தற்காப்பு.

வாசலில் இன்னொரு வேலை இருக்கிறது. போட்டோ ஆல்பத்தோடும் பென் டிரைவோடும் வாய்ப்புக் கேட்டு வருபவர்களிடம், "சார் இல்லீங்க" என்று சொல்வது. உள்ளே சார் இருப்பார். சொல்பவருக்கும் தெரியும், கேட்பவருக்கும் தெரியும். சொல்கிறவரே ஒரு காலத்தில் இதே போல வேறு வாசலில் நின்றவராக இருந்தால், அந்த இரண்டு சொற்களைச் சொல்லி முடிப்பது லேசான காரியமில்லை. சிலர் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்துவிட்டுச் சொல்வார்கள்.

நாற்பது வயது ‘பாய்’

இந்த வேலைக்கு வழக்கமான பெயர் ‘ஆபீஸ் பாய்’. இதில் பாய் என்பது வயதைக் குறிப்பதில்லை என்பதற்கு ஒரு பழைய சாட்சி உண்டு.

எழுத்தாளர் அசோகமித்திரன் 1952 முதல் 1966 வரை எஸ்.எஸ்.வாசனின் ஜெமினி ஸ்டூடியோவில் வேலை பார்த்தவர். அவருக்கு ஒதுக்கப்பட்ட வேலை, செய்தித்தாள்களிலிருந்து துண்டுகளை வெட்டி ஃபைலில் சேர்ப்பது. நாள் முழுக்கப் பேப்பரைக் கிழித்துக்கொண்டிருக்கும் ஆள் சும்மா இருப்பதாகத்தானே மற்றவர்களுக்குத் தோன்றும்! போகிற வருகிறவர்களெல்லாம் அவருக்கு அறிவுரை சொல்ல உள்ளே நுழைந்துவிடுவார்கள். அந்த அனுபவங்களை அவர் ஆங்கிலத்தில் எழுதிய நினைவுக் குறிப்புகளில் ஒரு பகுதி, இன்று சி.பி.எஸ்.இ. பிளஸ் டூ ஆங்கிலப் புத்தகத்தில் பாடமாக இருக்கிறது.

அதில் ஓர் ஆபீஸ் பாய் வருகிறார். மேக்கப் டிபார்ட்மென்ட்டைச் சேர்ந்தவர். ஹீரோ, ஹீரோயினுக்குத் தலைமை மேக்கப்மேன். இரண்டாம் ஹீரோவுக்கு அவருடைய சீனியர் உதவியாளர். இப்படியே படிப்படியாக இறங்கி, கூட்டத்தில் நிற்பவர்களுக்கு மேக்கப் போடும் பொறுப்பு ஆபீஸ் பாய்க்கு வரும். பெரிய பாத்திரத்தில் வண்ணத்தைக் கலக்கி, வரிசையாக நிற்பவர்களின் முகத்தில் அப்பிக்கொண்டே போவார். அவருக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. நடிகராகவோ, கதாசிரியராகவோ, டைரக்டராகவோ, பாடலாசிரியராகவோ ஆகிவிடலாம் என்று பல வருடங்களுக்கு முன்னால் ஸ்டூடியோவுக்குள் நுழைந்தவர். கவிதையும் எழுதுவார். தான் மேலே வராததற்குக் காரணம், வாசனுக்கு நெருக்கமாக இருந்த கொத்தமங்கலம் சுப்புதான் என்று அசோகமித்திரனிடம் வந்து புலம்புவார். படிக்கும்போது சிரிப்பு வரும். புத்தகத்தை மூடிய பிறகு அந்தச் சிரிப்பு அவ்வளவு சுலபமாக நிற்காமல் தொண்டையில் மாட்டும்.

ஜெமினி ஸ்டூடியோ இன்று இல்லை. மேம்பாலத்தின் பெயரில் மட்டும் இருக்கிறது, அதுவும் மக்கள் வாயில்தான். அதிகாரப்பூர்வப் பெயர் அண்ணா மேம்பாலம். ஆனால் அந்த நாற்பது வயது பாய் எங்கும் போய்விடவில்லை. தலை நரைத்த பிறகும் ‘தம்பி’ என்றே கூப்பிடப்படும் ஒருவரை இன்றும் கம்பெனிகளில் பார்க்கலாம். அவரும் இருபது வயதில், ‘ஒரு ரெண்டு வருஷம்... உள்ள நுழைஞ்சுட்டா போதும்’ என்று வந்தவராகவே இருப்பார்.

உள்ளே நுழைந்தால் மேலே ஏறலாம் என்பதற்கு உதாரணம் கேட்டால், பெயர்களுக்குப் பஞ்சமில்லை. ஏவி.எம்மில் எடிட்டிங் பிரிவில் உதவியாளராகச் சேர்ந்த எஸ்.பி.முத்துராமன் 70 படங்களை இயக்கினார். கூத்துப்பட்டறையில் கணக்காளராகச் சேர்ந்த விஜய் சேதுபதியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆனால் இந்த உதாரணங்களைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். முத்துராமன் இருந்த அறையில் ஃபிலிமை வெட்டி ஒட்டும் கலை இருந்தது. விஜய் சேதுபதி கணக்கெழுதிய இடத்தில் தினமும் நடிப்புப் பயிற்சி நடந்தது. சமையலறைக்கும் டிஸ்கஷன் ரூமுக்கும் இடையே எத்தனை வருடம் நடந்தாலும், அந்த நடை மட்டும் யாரையும் டைரக்டர் ஆக்குவதில்லை. எடிட்டரிடம் ஹார்ட் டிஸ்க் கொடுக்கப் போனவர் அங்கேயே அரைமணி நேரம் நின்று கவனிக்க ஆரம்பித்தால், அது வேறு கதை.

உண்மையில் ஆபீஸிலிருந்து கிளம்பும் நேரான பாதை ஒன்று உண்டு. அது புரொடக்‌ஷன் மேனேஜர் நாற்காலிக்குப் போகும் பாதை. ஜெனரேட்டர் வாடகை யாரிடம் குறைவு, எந்த பங்களாவில் ஷூட்டிங்குக்கு அனுமதி கிடைக்கும், இருநூறு பேருக்குச் சாப்பாடு யார் ஒழுங்காகக் கொடுப்பார் என்று தெரிந்தவரை எந்தக் கம்பெனியும் இழக்க விரும்பாது. ஆனால் ஊரிலிருந்து பஸ் ஏறும்போது யாரும் புரொடக்‌ஷன் மேனேஜர் ஆகும் கனவோடு ஏறுவதில்லையே!

சம்பளத்தில் பாதி நம்பிக்கை

பிரச்னை ஆரம்பிப்பதே அங்கேதான். டைரக்டர் ஆகப்போகிறவர், நடிகர் ஆகப்போகிறவர் என்று தன்னை நினைத்துக்கொண்டிருப்பவர் சம்பளத்தைப் பற்றி அழுத்திக் கேட்க மாட்டார். கேட்டால் வாய்ப்புப் போய்விடுமோ என்ற பயம். கொடுப்பவர்களுக்கும் அது தெரியும். "பாத்துக்கலாம் தம்பி" என்ற வார்த்தையில் மாதங்கள் ஓடிவிடும்.

சம்பளம் தள்ளிப்போவதைவிடச் சத்தமில்லாமல் கரைப்பது பெட்ரோல். பைக் அவருடையது, ஓட்டம் கம்பெனிக்கு. கையிலிருந்து போட்டுவிட்டு, பிறகு வவுச்சர் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். ஆட்டோவுக்கு ரசீது கிடையாது, டீக்கடையில் பில் கிடையாது. மாதக் கடைசியில் கணக்கில் முந்நூறு ரூபாய் இடித்தால், திருடினான் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அடுத்த முறை பணம் கொடுக்கும்போது எண்ணிக் கொடுப்பார்கள். அது போதும், மனசு உடைய. அனுபவசாலிகள் சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு வைத்திருப்பார்கள். பத்து ரூபாய் செலவானாலும் அந்த இடத்திலேயே நின்று எழுதிவிட்டுத்தான் நகர்வார்கள்.

படப்பிடிப்புத் தளத்தில் வேலை செய்பவர்களுக்குப் பெப்சி எனப்படும் சம்மேளனத்தின் கீழ் 20-க்கும் மேற்பட்ட சங்கங்கள் இருக்கின்றன. கூலி, பேட்டா, வேலை நேரம் பற்றிப் பேச ஓர் இடம் இருக்கிறது. வாடகை வீட்டு ஆபீஸில் தனியாக டீ போடுபவர் பெரும்பாலும் எந்தப் பதிவேட்டிலும் இருப்பதில்லை. 2018-ல் தயாரிப்பாளர்களின் போராட்டத்தால் மார்ச் மாதம் படப்பிடிப்புகள் நின்றபோதும், 2020-ல் கொரோனாவால் எல்லாமே நின்றபோதும் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்தது. ரஜினிகாந்த் 50 லட்சம் ரூபாய் கொடுத்தார், மற்ற நட்சத்திரங்களும் பணமும் அரிசியும் கொடுத்தார்கள். அதெல்லாம் சங்கங்களின் வழியாகப் போனது. சங்கத்தில் பெயர் இல்லாதவர், ஆபீஸ் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு ஊருக்கு போன் செய்துகொண்டிருந்தார்.

டிவி சீரியல் கம்பெனிகளில் நிலைமை ஓரளவு வேறு. தினமும் எபிசோட் போக வேண்டும், சேனலிலிருந்து பணம் வரும், அதனால் சம்பளமும் ஓரளவுக்கு மாதம் பிறந்தால் வரும். அதற்கு விலை ஓட்டம். காலையில் வசனகர்த்தாவிடமிருந்து வாட்ஸ்அப்பில் வரும் சீன் பேப்பரை பிரின்ட் எடுத்து, ஜெராக்ஸ் போட்டு, மேக்கப் போட்டு முடிப்பதற்குள் பூந்தமல்லி தாண்டி இருக்கும் செட்டில் சேர்க்க வேண்டும். சினிமா ஆபீஸில் காத்திருப்பு கொல்லும் என்றால், இங்கே கடிகாரம்.

நியூயார்க்கிலும் இதே டீ, இதே ஜெராக்ஸ்

இது கோடம்பாக்கத்துக்கு மட்டுமான கதை என்று நினைத்துவிட வேண்டாம். ஹாலிவுட்டில் இதே வேலைக்கு ‘ஆபீஸ் பி.ஏ.’ என்று பெயர். லண்டனில் ‘ரன்னர்’, அதாவது ஓடுபவர். பெயர் வைப்பதிலாவது ஆங்கிலேயர்கள் உண்மை பேசியிருக்கிறார்கள்!

2010-ல் வெளியான ‘பிளாக் ஸ்வான்’ படம் நடாலி போர்ட்மேனுக்கு ஆஸ்கர் வாங்கித்தந்தது. சுமார் 1.3 கோடி டாலர் செலவில் எடுத்து, உலகம் முழுக்க 30 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. நியூயார்க்கில் அந்தப் படத்துக்காக ‘இன்டர்ன்’ என்ற பெயரில் சம்பளமில்லாமல் வேலை செய்த இருவர், 2011-ல் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அவர்களில் ஒருவர் செய்த வேலைகள் தீர்ப்பில் வரிசையாகப் பதிவாகியிருக்கின்றன. ஆபீஸ் மேசை நாற்காலிகளை எடுத்துவந்து போட்டது, குப்பையைக் கொட்டியது, மதியச் சாப்பாட்டுக்கு ஆர்டர் எடுத்தது, போன் எடுத்தது, ஜெராக்ஸ் போட்டது, காபி போட்டது, டைரக்டருக்கு டீ கொண்டுபோனது, படக்காட்சிகள் அடங்கிய டிவிடியை அவர் வீட்டில் சேர்த்தது... சாலிகிராமத்தில் யாராவது அதைப் படித்தால், தன் டைரியை எவரோ ஆங்கிலத்தில் எழுதிவிட்டார்கள் என்று நினைப்பார்.

2013-ல் நீதிபதி அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தார்: இவர்கள் ஊழியர்கள், சம்பளம் கொடுத்திருக்க வேண்டும். 2015-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இந்த ஏற்பாட்டால் முக்கியமாகப் பலன் அடைந்தது யார், கற்க வந்தவரா, கம்பெனியா என்று பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்றது. கடைசியில் வழக்கு சமரசத்தில் முடிந்தது. வெற்றி என்று கொண்டாட முடியாது. ஆனால், யாருக்குப் பலன் என்ற அந்தக் கேள்வியை ஒவ்வொரு ஆறு மாதத்துக்கும் ஒருமுறை தனக்குத்தானே கேட்டுக்கொள்வது, இந்த வேலையில் இருக்கும் எவருக்கும் நல்லது.

பெற்றோர் கேட்க வேண்டியவை

மகனோ மகளோ இந்த வேலைக்குப் போகிறேன் என்றால் தடுப்பதா, விடுவதா? தடுத்து நின்றவர்கள் குறைவு. அதனால் எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்வது உபயோகம்.

வேலை வாங்கித்தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால், அது வேலையே இல்லை. பேச்சை அங்கேயே முடித்துவிடலாம்.

அடுத்தது, காகிதம். 1981-லேயே மத்திய அரசு திரைப்படத் தொழிலாளர்களுக்கென்று ஒரு சட்டம் கொண்டுவந்தது. எழுத்துமூலமான ஒப்பந்தம் இல்லாமல் சினிமா தயாரிப்பில் தொழிலாளரை அமர்த்தக் கூடாது என்றது அது. கலைஞர்கள் மட்டுமல்ல, திறன் சாராத வேலை செய்பவர்களும் அதில் அடக்கம். பிறகு 2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, டிவி, வெப் சீரிஸ், ரியாலிட்டி ஷோ தயாரிப்புகளையும் சேர்த்துக்கொண்டது. ‘சினிமால அதெல்லாம் தர மாட்டாங்க’ என்பார்கள். பல இடங்களில் தருவதில்லைதான். குறைந்தபட்சம் சம்பளம் எவ்வளவு, எந்தத் தேதியில், பெட்ரோலுக்கு என்ன என்று மேனேஜருக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பி, "சரி" என்ற பதிலை வாங்கி வைத்துக்கொள்ளலாம். பி.எஃப். சட்டம் 20 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடங்களுக்குத்தான் கட்டாயம் என்பதால், ஆறு பேர் இருக்கும் கம்பெனியில் அதை எதிர்பார்க்க முடியாது.

விபத்துக் காப்பீடு பற்றிக் கேட்கக் கூச்சப்படவே வேண்டாம். ஆபீஸ் வேலைதானே என்று சேர்ந்தவரை, ஆள் குறைகிறது என்று ஷூட்டிங்குக்கு அனுப்புவது சகஜம். 2020 பிப்ரவரி 19 இரவு, சென்னைக்கு வெளியே ‘இந்தியன் 2’ படப்பிடிப்புத் தளத்தில் கிரேன் விழுந்து 3 பேர் இறந்தார்கள். ஒரு உதவி இயக்குநரும் ஒரு தயாரிப்பு உதவியாளரும் அவர்களில் இருந்தார்கள்.

பெண்கள் இந்த வேலைக்கு வருவது இப்போது கூடியிருக்கிறது, முக்கியமாக டிவி மற்றும் ஓ.டி.டி. தயாரிப்பு அலுவலகங்களில். 10 பேர் அல்லது அதற்கு மேல் பணியாற்றும் இடத்தில் பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு இருந்தாக வேண்டும் என்கிறது 2013-ம் வருடச் சட்டம். அந்தக் குழுவில் இருப்பவர்கள் யார், ராத்திரி நேரமானால் வீட்டுக்கு வண்டி உண்டா, அங்கே பெண்களுக்குத் தனிக் கழிப்பறை இருக்கிறதா? 2024 ஆகஸ்டில் வெளியான கேரளத்தின் ஹேமா கமிட்டி அறிக்கை, கழிப்பறைகூட இல்லாத படப்பிடிப்புத் தளங்களைப் பற்றிப் பேசியது. எனவே, இது அதிகப்படியான கேள்வி இல்லை.

கடைசி வரியில் ஒரு பெயர்

இத்தனைக்கும் பிறகு ஏன் இருக்கிறார்கள்? காரணங்களில் ஒன்றைத் தியேட்டரில் பார்க்கலாம்.

படம் முடிந்து எல்லோரும் எழுந்துவிடுவார்கள். விளக்கு போட்டாயிற்று. துடைப்பத்தோடு ஆட்கள் வந்துவிட்டார்கள். ஒரு குடும்பம் மட்டும் உட்கார்ந்தே இருக்கும். திரையில் பெயர்கள் ஓடிக்கொண்டிருக்கும். லைட்மேன்கள், டிரைவர்கள், சமையல்காரர்கள் எல்லாம் போன பிறகு ‘அலுவலக உதவி’ என்று வரும். "இப்ப வரும், இப்ப வரும்" என்பதற்குள் அது மேலே போய்விடும். "வந்துச்சா?" என்பார் அம்மா. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்ததில் பார்க்கவில்லை.

"பரவால்லம்மா, ஓ.டி.டி-யில வரும்போது நிறுத்திக் காட்டுறேன்."

நாலு வாரம் கழித்து வரும். ஆனால், பெயர்கள் ஓட ஆரம்பித்ததுமே படம் ஒரு மூலையில் சின்னதாகிவிடும். ‘அடுத்து என்ன பார்க்கலாம்?’ என்று வேறு படத்தின் போஸ்டர் வந்து நிற்கும். அதை விரலால் தள்ளி, திரையைப் பெரிதாக்கி, பின்னால் போய், நிறுத்தி, ஒரு ஸ்கிரீன்ஷாட். பெயரில் ஒரு எழுத்துப் பிழை இருக்கும். அதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், ஊரில் இருக்கும் குடும்ப வாட்ஸ்அப் குரூப்புக்கு அனுப்புவார்.